ஜனவரி 13: ஒரு குளிர் நாளும் தங்கவயலும்

சுபானு வருஷம், மார்கழி கழிந்து தை பிறக்கிற சமயம். ஆங்கிலக் கணக்கில் 1884ஆம் ஆண்டு ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. அன்று பெங்களூரில் வெப்பமானி 7.8 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்நகரத்து வானிலைப் பதிவேட்டில் அதற்குக் கீழே வேறொரு எண் எழுதப்படவில்லை. ஒவ்வொரு தை மாதமும் செய்தித்தாள்காரர்கள் இந்த ஒரு வரியைத் தூசி தட்டி எடுத்துப் போடுவார்கள். நம் ஊர் அன்பர்கள் அதைப் படித்துவிட்டு, "பெங்களூர்லயே அப்படின்னா, நம்ம தங்கவயல்ல அன்னைக்கு எப்படி இருந்திருக்கும் அண்ணே?" என்று என் கடைக்கே வந்து கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் பதில் சொல்வது அத்தனை சுலபமல்ல. அந்தப் பதிலைத் தேடிப் போனதில் எனக்குக் கிடைத்தவற்றையே இக்கட்டுரையில் வைக்கிறேன்.

நான் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியன் அல்லேன். துணியும் கம்பளியும் விற்கிற வியாபாரி. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம் எங்களுடையது. ஜைனர் என்றாலே மார்வாடி என்று நினைத்து என்னை "சேட்டு" என்று கூப்பிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு, எங்கள் வீட்டு அடுப்பங்கரை மொழி தமிழ்தான் என்று விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. கம்பளி விற்கிறவனுக்குக் குளிர் மேல் ஒரு கண் இருக்கத்தானே செய்யும்!

முதலில் அந்த 7.8 என்ற எண்ணையே கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். 1884இல் இந்தியாவில் எவரும் செல்சியஸில் எழுதவில்லை; பாரன்ஹீட்தான். 46 டிகிரி பாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்றினால் 7.78 வரும். அதைத்தான் 7.8 என்று முழுதாக்கிச் சொல்கிறோம். பெங்களூரின் டிசம்பர் மாதக் குளிர்ச் சாதனை 8.9, அது 1883 டிசம்பர் 29ஆம் தேதியுடையது. 48 பாரன்ஹீட் என்றால் 8.89. பிப்ரவரிச் சாதனை 9.4, அது 1884 பிப்ரவரியுடையது. 49 பாரன்ஹீட் என்றால் 9.44. மூன்றும் முழு எண்கள். இதில் விசேஷம் என்னவென்றால், தசமப் புள்ளியோடு பார்க்கும்போது ஏதோ நுட்பமான அளவு போலத் தோன்றுகிற எண், உண்மையில் ஓர் ஊழியர் விளக்கு வெளிச்சத்திலோ விடிந்த வெளிச்சத்திலோ கண்ணால் பார்த்து எழுதிய 46 என்கிற முழு எண்ணாகவே இருக்கவேண்டும் என்பது. சென்னைக்கும் இதே கதைதான். அங்கே சாதனைக் குளிர் 13.9, 57 பாரன்ஹீட்டை மாற்றினால் 13.89.

அந்த ஊழியர் எதைப் பார்த்து எழுதினார் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. குறைந்தபட்ச வெப்பமானியில் பாதரசம் இல்லை, சாராயம் இருக்கும். குழாயைப் படுக்கை வாட்டத்தில் வைப்பார்கள். சாராயத்துக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குறி மிதக்கும். குளிர ஆரம்பித்ததும் சாராயம் சுருங்கிக் குறியையும் கூட இழுத்துக்கொண்டு பின்னால் போகும். மறுபடி சூடேறும்போது சாராயம் குறியைத் தாண்டி முன்னேறிவிடும். குறி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆக, ராத்திரி முழுக்க யாரும் கண்விழித்துக் காவல் இருக்கவேண்டியதில்லை. காலையில் வந்து குறி நிற்கிற இடத்தைப் படித்தால் போதும். இன்று இந்திய வானிலைத் துறையில் காலை 8.30 மணிக்குப் படிக்கிறார்கள். நள்ளிரவில் தேதி மாறுகிறது; விடியலுக்குச் சற்று முன்னால் குளிர் உச்சத்தைத் தொடுகிறது; அது காலையில் படிக்கப்பட்ட தேதியின் கணக்கில் ஏறுகிறது. ஜனவரி 13இன் குளிர் என்றால், பன்னிரண்டாம் தேதி இரவு படுத்து எழுந்தவர்கள் பட்ட குளிர் என்று பொருள்.

இன்னொன்று. இப்போது நாம் பார்க்கிற, சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட வெள்ளை மரப்பெட்டி, ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர், அன்று இந்திய நிலையங்களில் வழக்கத்தில் இல்லை. கூரை வேய்ந்த, பக்கங்கள் திறந்த கொட்டகைக்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தார்கள். இந்திய வானிலைத் துறை 1875இல்தான் தொடங்கியது. ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவர். நாடு முழுவதற்குமான தினசரி வானிலை அறிக்கை 1878 முதல் வருகிறது. அப்படியென்றால் 1884இல் இந்த முறைக்கு வயது பத்துகூட ஆகவில்லை. அதற்காக 46 என்ற எண்ணைத் தள்ளிவிடலாகாது. இன்றைய எண்ணோடு ஒப்பிடும்போது ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம் என்கிற எச்சரிக்கை மட்டும் மனத்தில் இருக்கட்டும்.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மூன்று மாதச் சாதனைகளும் ஒரே பனிக்காலத்தில் விழுந்திருக்கின்றன என்பதைக் கவனித்தீர்களா? இதைப் பார்த்ததும் எனக்கு உடனே தோன்றியது கிரகடோவா. 1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையில் அந்த எரிமலைத் தீவு வெடித்தது. முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோர் கடல் பொங்கி வந்ததில். நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்களின் அலைமானிகளிலும் அந்தக் கடல் அசைவு பதிவானது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. சென்னை வான்நோக்கு நிலையத்தில் இருந்த போக்சன் அதைப் பற்றி எழுதினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த மிச்சி ஸ்மித் நிறமாலை மானியை வைத்தே அந்தப் பச்சைச் சூரியனை ஆராய்ந்தார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நிறுவியவர் இவரே. லண்டன் ராயல் சொசைட்டி 1888இல் வெளியிட்ட பெரிய அறிக்கையில் இந்த இந்தியச் சாட்சியங்களும் இடம்பெற்றன.

எரிமலைத் தூசும் கந்தகப் புகையும் வானத்தின் மேலடுக்கில் போர்வை போலப் பரவிச் சூரிய வெப்பத்தைக் குறைத்தன, அதனால் பெங்களூர் நடுங்கியது என்று முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. பலர் அப்படி முடித்தும் விடுகிறார்கள். நான் உடன்படவில்லை. காரணம் இரண்டு.

கிரகடோவாவுக்குப் பிறகு உலகச் சராசரி வெப்பம் குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் குறைவு அரை டிகிரி அளவில்தான் என்கிறார்கள். பெங்களூரின் ஜனவரி மாதச் சராசரிக் குறைந்தபட்சம் 15, 16 டிகிரி செல்சியஸ். அது 7.8க்கு இறங்கியது என்றால் ஏழெட்டு டிகிரி சரிவு. அரைப்படி அரிசி போட்டு எட்டுப்படி சோறு வடிக்க முடியுமா? அடுத்தது சென்னை. பச்சைச் சூரியனைக் கண்ணால் கண்ட ஊர் அது. ஆனால் சென்னையின் சாதனைக் குளிர் அந்தப் பனிக்காலத்தில் வரவில்லை. 1895 டிசம்பர் 11இலும் 1905 ஜனவரி 29இலும்தான் வந்தது. வானத்துப் போர்வை காரணமென்றால் அது சென்னைக்கு ஒரு நியாயம், பெங்களூருக்கு ஒரு நியாயம் என்று பார்க்காது. எரிமலை அந்தப் பனிக்காலத்தைச் சற்றே கீழே சாய்த்திருக்கலாம். அந்த ஒரு இரவை உண்டாக்கியது அதுவன்று.

நம்மவர்கள் சொல்லும் இன்னொரு காரணம் நிலா. "பௌர்ணமிக் குளிர் எலும்பைத் தொளைக்கும்" என்று தங்கவயலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நிலாக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1884 ஜனவரி 13 முழுநிலவை ஒட்டிய நாள். ஆகா, சரியாகப் போயிற்று என்று எண்ணவேண்டாம். பதினைந்து நாள் பின்னால் போனால் டிசம்பர் 29; அது அமாவாசையை ஒட்டிய நாள்! ஒரு சாதனை அமாவாசையில், மறு சாதனை பௌர்ணமியில். நிலா இரண்டுக்கும் பொறுப்பாக முடியாது. மேகமில்லாத இரவில்தான் நிலா பளிச்சென்று தெரியும், மேகமில்லாத இரவில்தான் குளிரும் அதிகம். இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றுக்குத் தாயல்ல.

மேகமில்லாத வானம், அடங்கிய காற்று, வறண்ட வாடை, நீண்ட இரவு. இந்த நான்கும் ஒருசேரக் கூடிய ராத்திரியில், பகலெல்லாம் வாங்கிவைத்த சூட்டைத் தரை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கொடுத்ததைத் தடுத்து நிறுத்த மேகப் போர்வை இல்லை. தரையைத் தொட்ட காற்று முதலில் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்குகிறது. அதற்கு மேலே இருக்கிற காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கிறது. வழக்கத்துக்கு நேர் தலைகீழ். இதைப் பார்க்க வானிலை நிலையத்துக்குப் போகவேண்டாம். போகி அன்று விடியற்காலையில் ராபர்ட்சன்பேட்டையில் பழைய பாயும் முறமும் கொளுத்துகிறார்களே, அந்தப் புகை மேலே ஏறாமல் கூரை உயரத்தில் பாய் விரித்தாற்போலப் படுத்துக்கிடப்பதைப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் குளிர்காற்று தேங்கி நிற்கிறது.

போகியைச் சொன்னதால் ஒரு சிறு விலகல். இப்போது ஜனவரி 13 என்றால் போகி, அல்லது அதற்கு முந்தின நாள். 1884இல் அப்படியல்ல. அக்காலத்தில் தை முதல் தேதி ஜனவரி 12, 13 வாக்கிலேயே பிறந்துவிடும். நம் சூரிய மாதக் கணக்கு ஆங்கிலக் கணக்கைவிட எழுபது எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் பிந்துவதும், 1900ஆம் ஆண்டு ஆங்கிலக் கணக்கில் லீப் வருஷமாகக் கொள்ளப்படாததும் இதற்குக் காரணம். ஆகவே தேதி ஒன்றாயிருந்தாலும் பண்டிகை நாள் வேறு. "தைப்பனி தரையைத் துளைக்கும்" என்கிறது பழமொழி. அந்தத் தைப்பனி, அந்த வருஷம், தை பிறந்த கையோடு துளைத்திருக்கிறது.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1884 ஜனவரியில் தங்கவயல் என்று சொல்லத்தக்க ஊர் ஏது? மைக்கேல் லவெல் என்ற முன்னாள் சிப்பாய் 1870களில் இங்கே தங்கம் தேடிப் பார்த்தார். 1880இல் மைசூர் கம்பெனி லண்டனில் பிறந்தது. பழங்காலத்தார் தோண்டிய குழிகளுக்குக் கீழே செழிப்பான தங்கப் படிவத்தைப் பிளம்மர் எட்டிப் பிடித்தது 1880களின் நடுவில். அதுவரை பணம் போட்டவர்களின் கை கரைந்துகொண்டே இருந்த காலம். ரயில் என்றால் 1864இல் போட்ட ஜோலார்பேட்டை–பெங்களூர்ப் பாதைதான். அதிலிருந்து மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதை 1890களில்தான் வந்தது. சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இல். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை வட ஆர்க்காட்டையும் மைசூர் நாட்டையும் துடைத்துவிட்டுப் போய் ஆறேழு ஆண்டுதான் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட கட்டத்தில், பொட்டல் காட்டில் சில குழிகளும் சில குடிசைகளும். நம் முன்னோர் பெருங்கூட்டமாக வந்தது அதற்குப் பிறகு.

அன்றைக்கு இங்கே குளிரை அளக்க அரசாங்க வானிலை நிலையம் இல்லை. மைசூர் சமஸ்தானம் தனக்கென்று வானிலைத் துறை அமைத்தது 1890களில். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி முதல்வர் ஜான் குக் அதற்குப் பொறுப்பு. பெங்களூர், மைசூர், ஹாசன், சித்ரதுர்கா என நான்கு இடங்களில் நிலையம் வைத்தார்கள். ஆகவே 1884 ஜனவரி 13இல் தங்கவயலின் குளிர் இத்தனை டிகிரி என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஊகிக்க வழி உண்டு.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி. நம் ஊர் சுமார் 2,800 அடி. தூரம் நூறு கிலோமீட்டர்தான். உயரத்தை மட்டும் பார்த்தால் இங்கே அரை டிகிரி கூடுதல் சூடு இருக்கவேண்டும். மேலே சொன்ன அடங்கிய இரவில் அந்தக் கணக்கு செல்லாது. மேட்டைவிடப் பள்ளம்தான் குளிரும். கனத்த காற்று தண்ணீர் மாதிரி. பள்ளம் பார்த்து ஓடும். மாரிக்குப்பத்திலிருந்து பாலகாட் வரை சைக்கிளில் போயிருக்கிறவர்களுக்கு இது காலிலேயே தெரியும். மேட்டில் வரும்வரை ஒன்றுமில்லை, ஓடைப் பக்கம் இறங்கியதும் முழங்கால் விறைக்கும். என் முடிவு இதுதான்: மேட்டுப் பாங்கில் பெங்களூரை ஒத்த குளிர், பள்ளங்களில் அதைவிடக் கூடுதல். இதற்கு மேல் நுட்பமாகச் சொல்ல ஆதாரம் இடம் கொடுக்காது.

இங்கேதான் தாத்தாக்கள் சொன்ன ஒரு கதை வருகிறது. "அந்தக் காலத்துல தை மாசம் வெளியில வெச்ச தட்டுத் தண்ணி காலையில கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்கும்பா" என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் பலர். படித்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தண்ணீர் உறைய பூஜ்யம் வேண்டுமே, பெங்களூரின் சாதனையே 7.8தானே என்பார்கள். சிரிக்கிறவர்கள் 1775இல் சர் ராபர்ட் பார்க்கர் எழுதியதைப் பார்க்கவேண்டும். அலகாபாத்தில் தரையில் குழி தோண்டி, உலர்ந்த தட்டையும் தாளையும் பரப்பி, அதன்மேல் வாயகன்ற மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பனிக்கட்டி எடுத்ததை அவர் விவரித்திருக்கிறார். காற்று உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே அது நடந்தது. மெல்லிய நீர் வானத்துக்கு வெப்பத்தை இழக்கிறது; அடியிலுள்ள வைக்கோல் தரையின் சூட்டை மேலே விடாது. வெப்பமானி தொங்குவது நாலடி உயரத்தில். தரையை ஒட்டி அதே நேரத்தில் நாலைந்து டிகிரி குறைவாக இருக்கும். ஆக, 1884 ஜனவரி போன்ற ஓர் இரவில், பள்ளத்தில், வைக்கோல் மேல் வைத்த அகலத் தட்டில் மெல்லிய ஏடு படிந்திருக்கக் கூடும். வாளித் தண்ணீர் உறைந்தது என்றால் ஒப்பமாட்டேன். தட்டு என்றால் தாத்தாவின் பக்கம் நிற்பேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மனத்தை உறுத்துகிற விஷயம்.

தங்கவயலில் சூட்டுக்குக் கணக்கு உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடியைத் தாண்டியது. அடியில் பாறையின் சூடு 150 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. எந்த மட்டத்தில் பாறை எத்தனை சூடு, காற்றில் ஈரம் எத்தனை என்று அளந்து அளந்து எழுதினார்கள். பாறை வெடிப்பை, நம் பாஷையில் ஏர் பிளாஸ்ட்டை, பதிவு செய்ய 1912இலேயே நில அதிர்வு மானி வைத்தார்கள். பிறகு மேலேயிருந்து குளிரூட்டிய காற்றைக் கீழே அனுப்பப் பெரிய யந்திரங்களும் வந்தன. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. கீழே சூடு மிகுந்தால் ஆள் மயங்கி விழுவான், கல் மேலே வராது. உற்பத்தி பாதிக்கும் இடத்தில் அளவுகோல் இருந்தது.

மேலே வந்த ஆளின் குளிரை அளந்தவர் யார்? ராத்திரி ஷிப்டு முடித்து, பாதாளச் சூட்டில் நனைந்த உடம்போடு கேஜில் ஏறி, சில நிமிஷத்தில் தை மாத விடியலில் வந்து நிற்பான். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் பாறைக் கணக்கில் பார்த்தால் தொண்ணூறு டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல். அவன் நின்ற காற்றின் கணக்கில் பார்த்தாலும் குறைச்சலில்லை. ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு லைன் வீட்டுக்கு நடப்பான். ஆரம்ப காலத்தில் அந்த வீடும் மூங்கில் தட்டி கட்டிய வீடுதான். தட்டிக்கு மண் பூசினால் பூச்சு, பூசாவிட்டால் வாடைக்காற்றுக்கு நேர் வழி. "குட்டி இங்கிலாந்து" என்று எல்லா மலர்களிலும் எழுதுகிறோம், நானும் படித்து அலுத்தேன். புகைபோக்கி வைத்த பங்களாக்காரருக்கு அந்தக் குளிர் இங்கிலாந்தை நினைவூட்டியிருக்கும். தட்டி வீட்டுக்காரனுக்கு அது எந்த நாட்டை நினைவூட்டும்?

சங்கப் புலவர் நக்கீரர் பெயரில் உள்ள நெடுநல்வாடை, வாடைக்காற்று அரண்மனையில் எப்படி, தெருவில் எப்படி, கோவலர்க்கு எப்படி என்று பிரித்துப் பார்க்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தின புலவருக்கு இருந்த அந்தப் பார்வை, சுரங்க நிர்வாகத்துக்கு வேண்டியிருக்கவில்லை.

என் கடைச் சிட்டாக்களில் இதற்கு ஏதாவது தடயம் கிடைக்குமா என்று தேடினேன். தகப்பனார் எழுதியதும் நான் எழுதியதுமாக நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட சிட்டாக்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் தொடமாட்டோம். விடியலில் வடிகட்டும்போது கை எப்படி விறைத்தது என்பதைத்தான் தகப்பனார் வெப்பமானியாக வைத்திருந்தார். சில நாள் சிட்டா ஓரத்தில் "கடுங்குளிர்" என்று ஒரு வார்த்தை எழுதியிருப்பார். அந்த நாட்களில் கம்பளி கூட விற்றிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. கம்பளி விற்பனை ஏறியது சம்பளம் போட்ட வாரத்தில். குளிர் கொன்றாலும் மாதக் கடைசியில் கம்பளி நகரவில்லை. ஜனவரி 13ஐ ஒட்டி வருஷா வருஷம் எங்கள் கடையில் கூட்டம்தான். ஆனால் வாங்கியது பொங்கலுக்குப் புதுத்துணி. பிள்ளைக்குச் சட்டை, சம்சாரத்துக்குச் சேலை. தனக்கென்று ஸ்வெட்டர் கேட்ட தொழிலாளி மிகக் குறைவு. வியாபாரியின் சிட்டா குளிரைச் சொல்லாது, கையிருப்பைத்தான் சொல்லும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் சிட்டாவின் போக்கு மாறியது. கேஜுக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள், மாரிக்குப்பத்திலிருந்து இருட்டோடு புறப்படுகிற ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகலானார்கள். ஸ்வெட்டர், மங்கி கேப், மஃப்ளர் விற்பனை ஏறியது. "அண்ணே, ஸ்டேஷன்ல நிக்கும்போது காது விட்டுப்போகுது" என்று வந்து வாங்குவார்கள். பிளாட்பாரத்துக் குளிருக்கும் பதிவேடு கிடையாது.

பெங்களூரின் 46 டிகிரி இனி உடைபடுமா என்று கேட்டால், சந்தேகம்தான் என்பேன். உலகமே சூடேறி வருவது ஒரு பக்கம். ஏரியும் தோட்டமுமாக இருந்த ஊர் கல்லும் காரையுமாகிவிட்டது. பகல் சூட்டைக் கட்டடம் பிடித்து வைத்துக்கொண்டு இரவில் மெள்ள மெள்ள விடுகிறது. நகரத்து நடுவில் தரை குளிரவே இடமில்லை. அந்த 1884ஆம் ஆண்டு வெப்பமானி தொங்கிய ஊர் வேறு, இன்றைக்கு அதே பெயரில் இருக்கிற ஊர் வேறு. திறந்த வெளி மிச்சமிருக்கிற சுற்றுப்புறத்தில்தான் இனிப் பழைய குளிருக்கு வாய்ப்பு. சயனைட் மேடுகளும் ஆளில்லாத லைன்களுமாக நம் ஊர் இன்று அப்படித்தான் கிடக்கிறது.

இப்போது ஒரு வேண்டுகோள். பழைய குவார்ட்டர்ஸ் வீடுகளைக் காலிசெய்து பிள்ளைகளோடு பெங்களூருக்கும் ஓசூருக்கும் போகிறவர்கள் பலர். பரணில் இருக்கும் நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். சுரங்க மருத்துவமனையிலோ, டைம் ஆபீசிலோ, பள்ளிக்கூடத்திலோ, தோட்டப் பராமரிப்பிலோ வேலை பார்த்த உங்கள் தாத்தா, தகப்பனார் தேதி போட்டுக் குளிர், பனி, மூடுபனி, காய்ச்சல் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தாலும் அது எனக்கு வேண்டும். தை மாதப் பக்கங்கள் மட்டும் போதும். ராபர்ட்சன்பேட்டைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே நோட்டைக் கையில் திருப்பித் தந்துவிடுகிறேன். வர முடியாதவர்கள் சங்க அலுவலகத்தில் கொடுத்தாலும் எனக்கு வந்து சேரும்.